வைக்காத புள்ளி

பெர்லினில் செப்புத் தகடு செதுக்குகிறவனாக இருந்தேன்.
வானத்தை இடவலம் மாற்றித்தான் எனக்குத் தெரியும்.
தகட்டில் நான் இடப்பக்கம் குத்திய மீன்
தாளில் வலப்பக்கம் உதிக்கும்.
என் தொழிலில் இரவு வெள்ளை,
விண்மீன்கள் மசிக் கறுப்பு.

இருபத்தொன்றாம் மணி வரைபடம் என்னுடையது.
பட்டியலை மால்வினா வாசிப்பாள்,
இரண்டு எண்களுக்கு நடுவே அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள்.
பெரிய மீனுக்குப் பெரிய குத்து.
எட்டாம் தரத்துக்கு
ஊசி மூச்சு விட்டதுபோல ஒன்று.
குளிர்காலம் முழுக்க இப்படியே போனது;
கழுத்து திரும்பாமல் போனதுதான் மிச்சம்.

செப்டம்பர் இருபத்து நான்கு, காலை.
வானாய்வுக் கூடத்து வேலையாள் போலென்ஸ்
ஈரச் செருப்போடு பட்டறைக்குள் நுழைந்தான்.
"ராத்திரி தொலைநோக்கியில் ஒரு மீன் இருந்தது.
உங்கள் படத்தில் இல்லை."

முதலாளி ஷ்லீபன் என்னைத்தான் பார்த்தார்.
அச்சடித்த தாள்கள், இன்னும் ஊரைத் தாண்டாதவை,
அவர் முதுகுக்குப் பின்னால் கட்டுக் கட்டாக.
"ஒரு புள்ளி, லெம்கே. ஒரே ஒரு புள்ளி."
நாலு குரோஷன் பிடித்தம் என்று
நின்றபடியே கணக்கில் எழுதினார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பட்டியலைத் தேடினேன்.
இல்லை.
தகட்டை எடுத்துச் சன்னலுக்குச் சாய்த்தேன்.
அந்த இடத்தில் செம்பு வழவழவென்றிருந்தது.
குனிந்தபோது என் கண் தெரிந்தது,
வேறொன்றுமில்லை.
"எங்கேயாவது ஒரு வரி விட்டுப் படித்தாயா?"
மால்வினாவிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது.
அன்றிரவு சூப்பில் உப்பில்லை.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

மறுநாள் போலென்ஸ் ஓடி வந்தான்.
"நகர்ந்திருக்கிறது!"
ஓர் இரவுக்கு ஒரு மயிரிழை.
மீன் நகராது.

பாரிஸில் யாரோ, தொலைநோக்கியைத் தொடாமல்,
யுரேனஸ் எதனால் தடம் பிசகுகிறது என்று
மசியாலேயே துரத்திக்கொண்டு போய்,
இன்ன இடத்தில் பாருங்கள் என்று கடிதம் போட்டிருந்தாராம்.
இங்கே இவர்கள் வானத்தையும் என் படத்தையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து
இருக்கிறது, இருக்கிறது என்று படித்துக்கொண்டே போயிருக்கிறார்கள்,
இல்லை என்ற சொல் வரும்வரை.
அந்த இல்லை
என் கையால் ஆனது.

இதை வாசிக்கிற உங்கள் எழுத்தில் ஒரு விதி உண்டாமே:
மெய்யின் தலையில் புள்ளி வைக்காமல் விட்டால்
உயிர் வந்து ஏறிக்கொள்ளும் என்று.
எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.
செத்தவர்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் தெரியும்.

அது நீலமாம்.
கறுப்பு மசியில் நான் எதைக் கண்டேன்.
கால் வைக்கத் தரையே கிடையாதாம்:
மேகம், அதற்குக் கீழே மேகம், அதற்கும் கீழே
அழுந்தி அழுந்திக் கொதிக்கிற தண்ணீரும் அம்மோனியாவும்.
அந்தக் கொதிப்பைப் போய்ப் பனி என்கிறார்கள் படித்தவர்கள்.
ஒலியை முந்திக்கொண்டு ஓடும் காற்று.
அங்கிருந்து பார்த்தால்
சூரியனையே ஒற்றைக் குத்தில் முடித்துவிடலாம்.
பெரிய நிலா ஒன்று, எல்லாம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாய்ச் சுற்றுகிறது,
தகட்டிலேயே பிறந்ததுபோல.
அதை மட்டும் கேட்டவுடன் புரிந்துகொண்டேன்.

ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நூற்று அறுபத்தைந்து வருடம்.
இரண்டாயிரத்துப் பதினொன்றில்
அகப்பட்ட இடத்துக்கே வந்தது,
நில்லாமல் கடந்தது.
தகடு அங்கே இல்லை.
செம்பு விலை ஏறிய ஏதோ ஒரு வருடம்
எடைக்குப் போய்
யார் வீட்டிலோ ஜாம் காய்ச்சும் சட்டியாகியிருந்தது.

ஷ்லீபன் அந்த வரியைக் கடைசிவரை அடிக்கவில்லை.
"அந்தக் கோள் நமக்கு நாலு குரோஷன் பாக்கி"
என்பாள் மால்வினா, செப்டம்பர் தோறும்,
சூப்பில் உப்பை அள்ளிப் போட்டபடி.